முகமூடி இருக்கட்டும், கத்தி கீழே இறங்கட்டும்

பண்பாடு பற்றிய பேச்சு நம் வாசிப்பு வட்டங்களில் எப்போது வந்தாலும் இரண்டு குரல்கள் எழுகின்றன. "இது முன்னோர் விட்டுச் சென்றது, இதில் கை வைக்காதீர்கள்" என்கிறது ஒரு குரல். "இது அடிமைத்தனத்தின் மிச்சம், கொளுத்திப் போடுங்கள்" என்கிறது இன்னொன்று. பறையைப் பற்றிப் பேசினாலும் குலதெய்வ வழிபாட்டைப் பற்றிப் பேசினாலும் விவாதம் இந்த இரண்டு முனைகளில்தான் போய் முட்டிக்கொள்கிறது. இதே விவாதத்தைப் பெரும் விலை கொடுத்து நடத்தியிருக்கும் மக்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் சடங்கு முகமூடிகளைப் பற்றி இந்த முறை எழுதுவது அதனால்தான்.

அவ்வளவு தூரத்தில் இருப்பவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது, அது ஐ.நா. ஆவணங்களிலேயே பதிவாகியும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஐ.நா.வின் மனித உரிமைத் துணை ஆணையம், தொழில் மற்றும் பிறப்பு வழிப் பாகுபாடு சர்வதேச மனித உரிமைச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது என்று தீர்மானம் இயற்றியது. அடுத்த ஆண்டு டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டில் சாதியைப் பேசவே கூடாது என்று இந்திய அரசு நின்றது. அப்போது தலித் அமைப்புகள் கையில் எடுத்த சொற்றொடர்களில் முக்கியமானது இது. துணை ஆணையத்துக்காக அடுத்தடுத்து எழுதப்பட்ட ஆய்வறிக்கைகள் தெற்காசியாவோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்காவில் பிறப்பால் ஒதுக்கப்படும் சமூகங்களையும் அவை கணக்கில் எடுத்தன. மேற்கு ஆப்பிரிக்காவின் கொல்லர், தோல் தொழிலாளர், பாணர் குலங்கள் அவற்றில் அடங்கும். மாலியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் சடங்கு முகமூடிகளைச் செதுக்குவது பெரும்பாலும் அந்தக் கொல்லர் குலத்துக் கைகள்தான்.

வேலை செய்யும் முகமூடி

முகமூடி என்றதும் சுவரில் மாட்டிய ஒரு மரமுகம்தான் நம் கண்ணில் வருகிறது. அது அருங்காட்சியகம் நமக்குக் கற்றுக்கொடுத்த பார்வை. சடங்கு நடக்கும் ஊரில் மரமுகம் என்பது ஒரு பகுதி மட்டுமே. அதோடு உடல் முழுவதையும் மூடும் நார் ஆடை, அதற்கென்றே உள்ள தாளம், பாட்டு, நடை, கூடவே வரும் துணையாள், சுற்றி நின்று பதில் சொல்லும் கூட்டம் எல்லாம் சேர்ந்தால்தான் முகமூடி. உள்ளே இருப்பது இன்னாருடைய மகன் என்று ஊருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனாலும் அந்த நேரத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அங்கே வந்திருப்பது ஆவி, மூதாதை, நீருக்குள் இருந்து எழுந்தவள்.

லைபீரியாவிலும் ஐவரி கோஸ்டிலும் வாழும் டான் மக்களை எடுத்துக்கொள்வோம். காட்டில் வாழும் ஆவி ஒருவருடைய கனவில் வந்து தனக்கு ஓர் உடல் வேண்டும் என்று கேட்கும், அதற்காகத்தான் முகமூடி செய்யப்படுகிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அப்படி வரும் முகமூடிகளுக்கு ஆளுக்கொரு வேலை உண்டு. கோடைக் காலத்தில் காற்று வீசும்போது கூரை வீடுகளில் தீப்பிடிக்காமல் இருக்க, வீடு வீடாக ஓடி அடுப்புகளைச் சோதிக்கும் முகமூடி ஒன்று உண்டு. கவனிக்காமல் விட்ட அடுப்புக்குத் தண்டனையும் உண்டு. ஓட்டப் பந்தயத்துக்கு ஒரு முகமூடி, சிரிக்க வைக்க ஒன்று, சண்டையைத் தீர்த்துச் சமாதானம் செய்ய இன்னொன்று.

இதில் ஓர் அரசியல் இருக்கிறது. டான் மக்களுக்குப் பெரிய அரசோ அரண்மனையோ இருந்ததில்லை. எல்லோரும் எல்லோருக்கும் உறவு என்ற சின்ன ஊரில் இரண்டு குடும்பங்களுக்கு இடையே வழக்கு வந்தால் யார் தீர்ப்புச் சொல்வது? தீர்ப்புச் சொல்கிறவர் ஒருவருக்கு மாமனாகவோ இன்னொருவருக்குப் பங்காளியாகவோ இருப்பார். முகமூடிக்கு மாமனும் இல்லை, பங்காளியும் இல்லை. எந்தக் குடும்பத்தையும் சேராத ஒரு குரலை ஊர் தனக்குத்தானே உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு அது.

நைஜீரியா, பெனின் நாடுகளின் யொரூபா மக்கள் நடத்தும் கெலெடே இன்னொரு வகை. அறுவடை முடிந்த பிறகும், வறட்சியோ கொள்ளைநோயோ வந்த காலத்திலும் அது நடக்கும். பெண்களிடம், குறிப்பாக முதிய பெண்களிடம், ஊரை வாழவைக்கவும் அழிக்கவும் கூடிய ஆற்றல் இருக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்தத் 'தாய்மார்'களை மகிழ்விக்கவே இந்த ஆட்டம். முந்தைய இரவில் எஃபே என்ற முகமூடி வந்து பாடும். ஊரில் தவறு செய்தவர்களை, அதிகாரத்தில் இருப்பவர்களைக்கூட, நையாண்டி செய்து பாடும். பகலில் சொன்னால் பகையாகும் சொற்களுக்கு அந்த இரவில் இடம் உண்டு.

மாலியின் பந்தியகாரா மலைமுகட்டில் வாழும் டோகான் மக்களுக்கு முகமூடி இறப்போடு தொடர்புடையது. அடக்கம் முடிந்து மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் கழித்து, இறந்தவர்கள் பலருக்கும் சேர்த்து 'தாமா' என்ற சடங்கை நடத்துகிறார்கள். வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும் உயிர்களை முகமூடிகள் ஊருக்கு வெளியே கொண்டுபோய் மூதாதையரிடம் சேர்க்கின்றன. அதோடு துக்கம் முடிகிறது. இறந்தவரை முறையாக வழியனுப்பும் உரிமை எவ்வளவு பெரியது என்பதைச் சுடுகாட்டுப் பாதைக்காகப் போராடிய நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தச் சடங்குகளை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். நீதி சொல்வது, தீயிலிருந்து காப்பது, அதிகாரத்தைக் கேலி செய்வது, துக்கத்தை முடித்து வைப்பது என்று ஒரு சமூகத்துக்குத் தேவையான வேலைகளை அவை செய்திருக்கின்றன. இதைப் பார்க்காமல் விமர்சனம் தொடங்க முடியாது. இதோடு நின்றுவிட்டாலும் விமர்சனம் ஆகாது.

மரத்தை மட்டும் எடுத்துப் போனவர்கள்

1907-ல் பாரிஸின் திரோகதேரோ இனவியல் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்து பிக்காசோ அதிர்ந்துபோனார். அவருடைய 'அவிஞ்ஞோன் பெண்கள்' ஓவியமும் அதே ஆண்டைச் சேர்ந்தது. நவீன ஓவியத்தின் வரலாறு அந்த முகமூடிகளுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று கலைப் புத்தகங்கள் எழுதும். ஆனால் அவற்றைச் செதுக்கியவர்களின் பெயர்கள் அந்தப் புத்தகங்களில் அநேகமாக இருக்காது. 'பம்பாரா முகமூடி', 'டான் முகமூடி' என்று இனத்தின் பெயர் மட்டும் இருக்கும். பிக்காசோவுக்குப் பெயர் உண்டு, கொல்லருக்குக் குலம் மட்டும்தான் உண்டு. இந்தப் பழக்கம் நமக்கும் தெரிந்ததுதான்.

அவை எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1931 முதல் 1933 வரை மார்செல் கிரியோல் தலைமையில் ஒரு பிரெஞ்சு ஆய்வுக்குழு டக்காரிலிருந்து ஜிபூட்டி வரை ஆப்பிரிக்காவைக் குறுக்காகக் கடந்தது. குழுவின் செயலாளராகப் போன எழுத்தாளர் மிஷேல் லெரிஸ் நாட்குறிப்பு எழுதினார். 1934-ல் அது புத்தகமாக வந்தது. மாலியின் ஒரு கிராமத்தில் கோனோ என்ற சங்கத்தின் புனிதப் பொருளைக் கேட்டு ஊரார் தயங்கியபோது, போலீஸைக் காட்டி மிரட்டி, 10 பிராங்கைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனதை லெரிஸ் அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஊர் மக்கள் பயத்தில் ஓடியதையும் எழுதியிருக்கிறார். அந்தப் பயணம் 3,000-க்கும் மேற்பட்ட பொருட்களைப் பாரிஸுக்குக் கொண்டுபோனது.

2018 நவம்பரில் செனகல் அறிஞர் ஃபெல்வின் சார், பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பெனடிக்ட் சவோய் இருவரும் பிரான்ஸ் அதிபரிடம் கொடுத்த அறிக்கை, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் சுமார் 90,000 பொருட்கள் பிரான்ஸின் பொது அருங்காட்சியகங்களில் இருப்பதாகச் சொன்னது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில், பெனின் நாட்டுக்குத் திரும்பியவை 26 பொருட்கள். திருப்பிக் கொடு என்ற கோரிக்கையில் நாம் முழுமையாக உடன் நிற்கிறோம். ஆனால் அதோடு இன்னொரு கேள்வியும் நமக்கு இருக்கிறது. முகமூடி ஊர் திரும்பும்போது யாருடைய கைக்குத் திரும்புகிறது? தலைநகரின் கண்ணாடிப் பெட்டிக்கா, ஊர்ப் பெரியவர்களின் கைக்கா, செதுக்கிய குலத்தின் கைக்கா, அதைப் பார்க்கவே கூடாது என்று தள்ளி வைக்கப்பட்ட பெண்களின் கைக்கா?

செதுக்கியவர் யார்?

மாலியின் பம்பாரா மக்களிடம் 'சி வாரா' என்ற புகழ்பெற்ற தலையணி உண்டு. கொம்பு நீண்ட மான் போன்ற உருவம். ஆணும் பெண்ணுமாக ஜோடியாக வரும். உழவை மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஓர் உயிரைக் கொண்டாடும் ஆட்டம் அது. ஆடுகிறவர்கள் கையில் கோல்களை ஊன்றி, நிலத்தை நோக்கிக் குனிந்து ஆடுவார்கள். சிறந்த உழவரைப் பெருமைப்படுத்தும் சடங்கு. இதைச் செதுக்குவது 'நுமு' எனப்படும் கொல்லர். நிலத்தைக் கொத்தும் களைக்கொட்டை அடித்துக் கொடுப்பவரும் அவரே. ஆனால் உழவர் குடும்பம் நுமு குடும்பத்தில் பெண் கொடுக்காது, பெண் எடுக்காது.

பம்பாரா, மலிங்கே சமூகங்கள் பழைய அமைப்பில் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தன. 'ஹொரோன்' என்ற சுதந்திரக் குடிகள், 'ஞமகலா' என்ற தொழிற்குலங்கள், 'ஜோன்' என்ற அடிமைகள். கொல்லர், தோல் தொழிலாளர், 'ஜெலி' எனப்படும் பாணர் எல்லோரும் ஞமகலா. கொல்லர் வீட்டுப் பெண்கள் மட்பாண்டம் செய்பவர்கள். தொழிலும் பிறப்பால், மணமும் குலத்துக்குள்ளேயே. அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி என்று 1916-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்த அம்பேத்கரின் மாணவர்கள் நாம். இந்த அமைப்பைப் பார்த்ததும் நமக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது.

ஆனால் அவசரப்பட்டு 'அங்கேயும் நம் சாதியேதான்' என்று சொல்லிவிடக் கூடாது. நம் ஊரின் தீண்டாமை அதே வடிவில் அங்கே கிடையாது. நுமு வெறும் தாழ்ந்தவர் என்று மட்டும் பார்க்கப்படுவதில்லை. இரும்பையும் நெருப்பையும் கையாளும்போது வெளிப்படும் 'ஞமா' என்ற ஆற்றலை அடக்கத் தெரிந்தவர் என்பதால் அவரைக் கண்டு பயமும் உண்டு, மரியாதையும் உண்டு. சண்டைகளில் நடுவராக இருப்பவர், கோமோ போன்ற சக்தி வாய்ந்த முகமூடிச் சங்கங்களுக்குத் தலைமை தாங்குபவர். இதைச் சாதி என்று சொல்லலாமா என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு.

அந்த மரியாதை திருமணப் பேச்சு வந்தவுடன் எங்கே போகிறது என்பதுதான் நம் கேள்வி. செனகலின் செரேர் பகுதிகளில் பாணர்கள் இறந்தால் மண்ணில் புதைக்காமல், பாவோபாப் மரங்களின் பொந்துகளில் உடலை வைக்கும் வழக்கம் இருந்தது. அவர்களைப் புதைத்தால் நிலம் விளையாது என்று நம்பினார்கள். அரசனின் புகழைப் பாட பாணர் வேண்டும், ஆறடி மண் மட்டும் அவருக்குக் கிடையாது. புனிதம் என்று தூக்கி வைப்பதும் தீட்டு என்று தள்ளி வைப்பதும் ஒரே கையின் இரண்டு வேலைகளாக இருக்க முடியும். சடங்கு நாளில் ஒரு சமூகத்துக்குக் கிடைக்கும் மதிப்பை வைத்து அதன் நிலையை அளக்கக் கூடாது. சாதாரண நாளில் அது எங்கே உட்காருகிறது, யாரோடு சாப்பிடுகிறது, யாரை மணக்கிறது, எங்கே புதைக்கப்படுகிறது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இது பழங்கதையும் இல்லை. மாலியின் மேற்கே கய் பகுதியில், முன்னோர் அடிமைகளாக இருந்தார்கள் என்ற காரணத்துக்காகவே இன்றும் கீழாக நடத்தப்படும் குடும்பங்கள் இருக்கின்றன. 'நாம் எல்லோரும் சமம்' என்ற பொருளில் கம்பானா என்ற பெயரில் சோனின்கே மக்களிடையே எழுந்த இயக்கம் அதை எதிர்க்கிறது. 2020 செப்டம்பரில் அந்தப் போராட்டத்தைச் சேர்ந்த 4 பேர் அங்கே அடித்துக் கொல்லப்பட்டார்கள். சமம் என்று சொன்னதற்கு என்ன விலை கேட்பார்கள் என்பது நமக்குத் தெரியும்.

யார் பார்க்கக் கூடாது?

கோமோ முகமூடி வெளியே வரும் இரவில் பெண்களும், சங்கத்தில் சேராதவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். பார்த்தால் ஆபத்து. டோகான் முகமூடிச் சங்கமான 'அவா'வும் ஆண்களுடையது. ஆனால் டோகான் மக்களின் தொன்மக் கதை ஒன்று வியப்பாக இருக்கிறது. முகமூடியையும் அதன் சிவப்பு நார் உடையையும் முதலில் கண்டெடுத்தவள் ஒரு பெண். அதை அணிந்து ஆண்களை அவள் பயமுறுத்தினாள். பிறகு ஆண்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 'சதிம்பே' என்ற முகமூடியின் உச்சியில் நிற்கும் பெண் உருவம் அந்த முதல் பெண்ணை நினைவுபடுத்துகிறது. 'யாசிகினே' என்று அழைக்கப்படும் ஒரு சில பெண்கள் மட்டும் 'முகமூடிகளின் சகோதரி'யாக ஏற்கப்படுகிறார்கள்.

பறித்துக்கொண்டதை மறைக்காமல் சொல்லும் கதை இது. கெலெடேயில் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் 'இயாலாஷே' என்ற பெண் இருக்கிறார், ஆனால் பெண் வேடமிட்டு ஆடுவது ஆண்கள்தான். தாயைக் கும்பிடும் ஊரில் மகளுக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வியை யாரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

சரி, இப்படி நல்லதும் கெட்டதும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் சடங்கை என்ன செய்வது? மேற்கு ஆப்பிரிக்காவில் மூன்று விடைகள் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன.

மூன்று விடைகள்

முதல் விடை சம்மட்டி. 1958-ல் விடுதலை பெற்ற கினியில் செக்கு துரேயின் அரசு, வனப் பகுதி மக்களின் முகமூடிச் சங்கங்களுக்கு எதிராக ஓர் இயக்கத்தையே நடத்தியது. மாயையைக் களைகிறோம் என்று அதற்குப் பெயர் வைத்தது. முகமூடிகளை இழுத்து வந்து பெண்கள் முன்னாலும் சிறுவர்கள் முன்னாலும் போட்டுக் காட்டினார்கள், அழித்தார்கள். 'இவ்வளவுதான் உங்கள் ஆவி' என்றார்கள். கேட்க முற்போக்காக இருக்கிறது. பெண்கள் பார்க்கக் கூடாது என்ற தடையை உடைத்ததில் நமக்கும் ஒரு மகிழ்ச்சி தோன்றலாம். ஆனால் அந்தப் பெண்களைக் கேட்டு அதைச் செய்தார்களா? கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் வெளியிலிருந்து வந்து செய்தார்கள். வனப் பகுதியினர் நாகரிகம் தெரியாதவர்கள் என்ற ஏளனமும் அதில் கலந்திருந்தது. ஊரில் தடை செய்த அதே முகமூடிகளைத் தேசிய நடனக் குழுவின் மேடையில் ஏற்றி உலகத்துக்குக் காட்டி அந்த அரசே பெருமை தேடிக்கொண்டது. சடங்குகள் ஒளிந்து வாழ்ந்தன. 1984-ல் செக்கு துரே இறந்த பிறகு மீண்டும் வெளியே வந்தன.

இரண்டாவது விடை கண்ணாடி. பாரம்பரியம் என்று பட்டியலிட்டுப் பாதுகாப்பது. கெலெடேயை 2001-லும், செனகல், காம்பியா நாடுகளின் கங்குராங் என்ற முகமூடிச் சடங்கை 2005-லும் யுனெஸ்கோ தன் அறிவிப்பில் சேர்த்தது. 2008-ல் இரண்டும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. இது பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. மிஷனரிகளும் மதபோதகர்களும் காலனி அதிகாரிகளும் பேய்த்தனம் என்று இகழ்ந்ததை மனித குலத்தின் செல்வம் என்று உலகம் ஒப்புக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் பட்டியலில் இருக்கும் சடங்குக்கு அழகு மட்டும்தான் இருக்கும், சண்டை இருக்காது. செதுக்கியவர் எந்தக் குலம், யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்விகள் பாரம்பரியம் என்ற சொல்லுக்குள் அடங்கிப் போய்விடும். டோகான் நாட்டில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சடங்கைச் சுருக்கி ஆடிக் காட்டுவது பல பத்தாண்டுகள் நடந்தது. 2012-ல் மாலியில் போர் மூண்ட பிறகு பயணிகள் வருவது நின்றுபோனது. அந்த வருமானத்தை நம்பியிருந்த ஊர்களின் பாடு யாருடைய பட்டியலிலும் இல்லை.

மூன்றாவது விடை சியரா லியோனிலிருந்து வருகிறது. அது இன்னும் முடியாத விடை. நம் மாணவத் தோழர்கள் அதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

கறுப்பு முகமும் கத்தியும்

மேற்கு ஆப்பிரிக்காவில் மர முகமூடியை அணிந்து ஆடுவது பெரும்பாலும் ஆண்களே. அதற்குப் பெரிய விலக்கு சியரா லியோன், லைபீரியா பகுதிகளின் சாண்டே சங்கம். சியரா லியோனின் பல பகுதிகளில் அதை போண்டோ என்பார்கள். மெண்டே மக்களிடையே இந்தச் சங்கத்தின் மூத்த பெண்ணுக்கு 'சோவெய்' என்று பட்டம். முகமூடியையும் அந்தப் பெயரால்தான் வெளியுலகம் அழைக்கிறது. பளபளக்கும் கறுப்பு நிறம். அகன்ற நெற்றி, நுணுக்கமாகப் பின்னிய தலைமுடி, தாழ்ந்த சிறு கண்கள், மூடிய சின்ன வாய், கழுத்தில் வளையம் வளையமாக மடிப்பு. ஆழ்ந்த நீரிலிருந்து எழுந்து வந்தவள் என்பது நம்பிக்கை. கறுப்பாக்கிய ராஃபியா பனை நார் உடலை மறைக்க, பெண்களே அதை அணிந்து ஆடுகிறார்கள். செதுக்குவது மட்டும் ஆண்கள்.

கறுப்பை அழகின் உச்சமாக வைத்த முகம் இது. அதிகாரம் உள்ள பெண்ணின் முகம். கூடவே 'கோண்டே' என்ற ஒரு கோமாளியும் வருவாள். பழைய, உடைந்த முகமூடி, கந்தல் உடை. சோவெய் எவ்வளவு கம்பீரமோ கோண்டே அவ்வளவு கேலி. தன் அதிகாரத்தையே கிண்டல் செய்ய இடம் வைத்த சங்கம். இதைப் பார்த்து மனம் நெகிழாமல் இருக்க முடியாது.

இதே சங்கத்தின் பருவச் சடங்கில்தான் சிறுமிகளின் பிறப்புறுப்பு வெட்டப்படுகிறது. 2019-ல் சியரா லியோனில் எடுக்கப்பட்ட மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 83 சதவீதம் பேருக்கு இது நடந்திருக்கிறது. இரத்தப்போக்கு, தொற்று, பிரசவச் சிக்கல், சில நேரம் மரணம். வெட்டப்படாத பெண் முழுமையான பெண் இல்லை என்ற ஏச்சு. தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் சடங்குச் செலவை ஏற்றுக்கொண்டு சோவெய்களின் ஆதரவைப் பெறுவதும் உண்டு. அரசியல்வாதிகள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

இங்கே சம்மட்டியும் பயன்படாது, கண்ணாடியும் பயன்படாது. முகமூடியை அடித்து உடைத்தால், பெண்களுக்கென்று இருந்த ஒரே அதிகார இடத்தையும் பறித்ததாகிவிடும். கத்தியோ ரகசியமாக ஓடிக்கொண்டே இருக்கும். முகமூடியைப் பாரம்பரியம் என்று பெட்டியில் வைத்தால் கத்தியையும் சேர்த்துக் காப்பாற்றியதாகிவிடும். எல்லாம் வெள்ளைக்காரர்கள் செய்யும் அவதூறு என்று வாதிடும் பண்பாட்டுக் காவலர்களும் இருக்கிறார்கள். காலனியம் ஆப்பிரிக்காவை இழிவுபடுத்தியது உண்மை. அந்த உண்மையைக் கேடயமாகப் பிடித்து ஒரு சிறுமியின் உடல் மீது நடக்கும் வன்முறையை மறைக்கக் கூடாது. இந்து மதத்தை விமர்சித்தால் தேசத்தை அவமதித்துவிட்டாய் என்று கத்துகிறவர்களிடமிருந்து இந்த உத்தியை நாம் ஏற்கெனவே அறிவோம்.

சியரா லியோனில் பெண்கள் அமைப்புகள் 'இரத்தமில்லாத போண்டோ' என்று ஒரு வழியை முன்வைத்து வருகின்றன. சங்கம் இருக்கும். பாட்டு, ஆட்டம், மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித்தரும் அறிவு, நீரிலிருந்து எழும் அந்தக் கறுப்பு முகம் எல்லாம் இருக்கும். வெட்டு மட்டும் இருக்காது. சில சோவெய்கள் ஊர் நடுவில் தங்கள் கத்திகளைக் கீழே வைத்திருக்கிறார்கள். 2014-ல் எபோலா பரவியபோது அரசு இந்தச் சடங்குகளுக்குத் தடை போட்டது, சடங்கும் பெருமளவில் நின்றது. நிறுத்தவே முடியாது என்று சொல்லப்பட்டது நிறுத்தக்கூடியதுதான் என்று அப்போது தெரிந்தது. நோய் போன பின் அது திரும்பி வந்தது. வெளியிலிருந்து போடும் தடையால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்பதும் அதோடு தெரிந்தது.

இந்த வழி எளிதானதும் இல்லை. சோவெய்க்கு ஒவ்வொரு சிறுமியின் சடங்குக்கும் கட்டணம் கிடைக்கிறது. கத்தியைக் கீழே வைக்கும் பெண் வருமானத்தையும் அந்தஸ்தையும் சேர்த்துக் கீழே வைக்கிறாள். வெட்டை எதிர்க்கிறவர்கள் அவளுடைய பிழைப்புக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துத்தான் பேசியாக வேண்டும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இதைப் படிக்கும்போது பறை நினைவுக்கு வராமல் இருக்காது. பறையையே உடைத்தெறிய வேண்டும் என்று நம் பெரியவர்களில் ஒரு பகுதியினர் சொன்னார்கள். அவர்கள் பட்ட அவமானத்தின் கனம் அந்தச் சொல்லில் இருந்தது. அதைக் குறைத்துப் பேச நமக்கு உரிமை இல்லை. இன்னொரு பகுதியினர் பறையை வைத்துக்கொண்டு, ஊர்ச் சாவுக்கு இனாமாகவோ இழிவாகவோ அடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மறுத்தார்கள். மறுத்ததற்காக ஊர்விலக்கம் வந்தது, வேலை போனது, அடி விழுந்தது. பறை இன்று மேடையில் ஒலிக்கிறது என்றால் அதற்குக் கீழே அந்த மறுப்பு இருக்கிறது. மறுப்பு இல்லாமல் மேடைக்கு மட்டும் வந்திருந்தால் அது கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருக்கும்.

கத்தியும் கட்டாயப் பறையடிப்பும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஒன்று தன் சங்கத்துக்குள்ளேயே சிறுமிகள் மீது நடக்கும் வன்முறை, இன்னொன்று மேலிருந்து ஒரு சாதியின் மீது திணிக்கப்பட்ட இழிவு. இரண்டிலும் பொதுவாக இருப்பது வழிமுறை. சடங்கைப் பிரித்துப் பார்ப்பது. எது உயிர் கொடுக்கிறது, எது உயிரை வாங்குகிறது என்று பிரிப்பது. அப்படிப் பிரிக்கும் உரிமை அந்தச் சடங்கின் சுமையைத் தன் உடலில் சுமந்தவர்களிடம் இருக்க வேண்டும் என்பது.

எனவே கல்லூரியில் பண்பாட்டு விழா நடக்கும்போதும், ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கும்போதும், ஊர்த் திருவிழாவைப் பற்றி எழுதும்போதும் தோழர்கள் சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்தவர் யார், அவர் பெயர் எங்கே? இதை அணிகிறவர் யார்? பார்க்கக் கூடாதவர், தொடக் கூடாதவர் யார்? இதனால் யாருக்குக் காசு, யாருக்குக் காயம்? விழா முடிந்த மறுநாள் காலை இவர்கள் ஒருவருக்கொருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள்? மாற்ற வேண்டும் என்று உள்ளே இருந்து யாராவது சொல்கிறார்களா, அவர்களுக்குத் துணையாக நாம் என்ன செய்யலாம்?

கடைசிக் கேள்விதான் கடினமானது. வெளியில் நின்று உடைக்கச் சொல்வதும் சுலபம், வெளியில் நின்று புகழ்வதும் சுலபம். ஊர் நடுவில் எல்லோரும் பார்க்கக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பருவத்தில் அதே முகமூடியை அணிந்து ஆட வரும் அந்த மூத்த பெண்ணின் பக்கத்தில் நிற்பதுதான் அரசியல் வேலை. சியரா லியோனில் அதை அங்குள்ள பெண்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் அதே வேலை நமக்காகக் காத்திருக்கிறது.

ஜெய் பீம்.